டாட் காம் எல்லாம் வருகிறது, டாட் இன் ஒன்றுகூட வரவில்லை: 212 டொமைனுக்கு ஒரே நேம்சர்வர்

பாளை மார்க்கெட் | திங்கள், இரவு 9:40

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது. விவரம் விட்டுப்போகக் கூடாது என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி, பனங்கற்கண்டு மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் ஒன்று. அவர்கள் வெப்சைட்டை நானும் என் தம்பியும்தான் பார்த்துக்கொள்கிறோம். கருப்பட்டியை இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள். ஒரு பி, இரண்டு பி. ஒரு டி, இரண்டு டி. கடைசியில் ஐ அல்லது ஒய். முன்னால் ஊர்ப்பெயர் சேர்ந்தால் இன்னும் பெருகும்: திருநெல்வேலியை ஹெச் போட்டும் எழுதலாம், போடாமலும் எழுதலாம், வெள்ளைக்காரன் காலத்து டின்னவேலி இருக்கிறது, சுருக்கமாக நெல்லை இருக்கிறது. ஒருமுறை யாரோ ஒரே ஒரு எழுத்தை மாற்றி டொமைன் வாங்கி, இவர்கள் கடைப் படங்களையே போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாமல் ஏமாற்றிவிட்டான். ஏமாந்தவர்கள் திட்டியது இவர்களைத்தான். அன்றிலிருந்து கடைப் பெரியவர் தோன்றுகிற எழுத்துக்கோர்வையை எல்லாம் வாங்கிப் போடுகிறார். இன்றைய கணக்கு 212. எல்லாம் ஒரே தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ரெஜிஸ்ட்ரார் (டொமைன் விற்கும் கம்பெனி) பேனலில் ஒவ்வொன்றாகப் போய் ரெக்கார்டு போட்டு முடியாது. அங்கே இருக்கும் ஃபார்வர்டிங் வசதியில் ஹெச்டிடிபிஎஸ் வேலை செய்யவில்லை. அதனால் எங்களுடைய நேம்சர்வர் (பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்) இரண்டை வைத்து, எந்த டொமைனை அதற்குத் திருப்பினாலும் தானாக ஒரே ஐபியைச் சொல்லும்படி செய்யலாம் என்று இறங்கினோம். பைண்ட் என்ற நேம்சர்வர் மென்பொருளில் ரூட் ஜோனையே, அதாவது எல்லா டொமைனுக்கும் உச்சியில் இருக்கும் வெறும் புள்ளியையே, எங்கள் சொந்த ஜோன் என்று அறிவித்துவிட்டு உள்ளே இப்படிப் போட்டோம் (@ என்றால் ஜோனே, என்எஸ் என்றால் நேம்சர்வர், ஏ என்றால் ஐபி முகவரி; ஐபியையும் பெயரையும் மாற்றியிருக்கிறேன்):

@   என்எஸ்   என்எஸ்1.எங்கள்பெயர்.இன்.
@   என்எஸ்   என்எஸ்2.எங்கள்பெயர்.இன்.
*   ஏ   203.0.113.10
என்எஸ்1.எங்கள்பெயர்.இன்.   ஏ   203.0.113.10
என்எஸ்2.எங்கள்பெயர்.இன்.   ஏ   198.51.100.20

டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் என்று 139 டொமைனும் அருமையாக வருகின்றன. டாட் இன் 73 இருக்கிறது. அதில் ஒன்றுகூட வரவில்லை. அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வருகிறது. எங்கே தப்பு?

தென்காசி சாரல் | திங்கள், இரவு 10:05

டாட் இன் பக்கம் நேம்சர்வர் மாற்றம் இன்னும் பரவாமல் இருக்கலாம். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பைண்டை விட்டுவிட்டு டிஎன்எஸ்மாஸ்க் போடுங்கள், ஒரே வரியில் எல்லாப் பெயருக்கும் ஒரே ஐபி கொடுத்துவிடலாம்.

பாளை மார்க்கெட் | திங்கள், இரவு 10:20

பரவாத பிரச்சினை இல்லை. டிக் கட்டளையில் எங்கள் சர்வரையே நேரடியாகக் கேட்டுப் பார்த்தேன், இடையில் யாரும் இல்லை. டாட் காம் பெயரைக் கேட்டால் ஐபி தருகிறது, டாட் இன் பெயரைக் கேட்டால் இல்லை என்கிறது. எங்கள் பட்டியலில் இல்லாத, வாயில் வந்த பெயரைக் கேட்டாலும் அதேதான். இன் என்று முடிந்தால் மட்டும் இல்லை.

கல்லிடை அண்ணாச்சி | செவ்வாய், காலை 6:15

தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள்.

நட்சத்திரக் குறியை ‘எல்லாவற்றுக்கும்’ என்று நாம் வாசிக்கிறோம். டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபியாக மாற்றும் இந்த ஏற்பாடு, அப்படி வாசிப்பதில்லை. ‘இங்கே இல்லாத பெயர்களுக்கு மட்டும்’ என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1034 என்ற இணைய விதி ஆவணத்திலேயே இது உண்டு. ஆளாளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொண்டதால் 2006-இல் ஆர்எஃப்சி 4592 என்று தனியாக ஒன்று எழுதித் தெளிவாக்கினார்கள்.

ரூட் ஜோனுக்குள் ‘என்எஸ்1.எங்கள்பெயர்.இன்’ என்று ஒரு வரி எழுதிய கணமே மூன்று பெயர்கள் பிறந்துவிட்டன. என்எஸ்1.எங்கள்பெயர்.இன் ஒன்று. அதற்கு மேலே எங்கள்பெயர்.இன். அதற்கும் மேலே வெறும் இன். கடைசி இரண்டுக்கும் ரெக்கார்டு எதுவும் இல்லை, ஆனாலும் மரத்தில் கிளையாக அவை இருக்கின்றன. இனி ஏதோ ஒரு டாட் இன் பெயரைக் கேட்டால், சர்வர் மேலிருந்து இறங்கி ‘இன்’ வரை வந்து நிற்கும். அதற்குக் கீழே கேட்ட பெயர் இல்லை. சரி, ‘*.இன்’ என்று நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லை. ரூட்டில் இருக்கும் நட்சத்திரத்துக்குத் திரும்ப ஏறிப் போகாது. பெயரே இல்லை என்று சொல்லிவிடும். டாட் காமில் எந்தப் பெயரையும் நீங்கள் எழுதவில்லை, அதனால் ‘காம்’ என்ற கிளையே பிறக்கவில்லை, நேராக ரூட் நட்சத்திரம் பதில் சொல்கிறது.

அந்த இரண்டு வரிகளையும் அங்கிருந்து எடுத்துவிட்டு, எங்கள்பெயர்.இன் என்பதற்குத் தனி ஜோன் ஃபைல் வையுங்கள். என்எஸ்1, என்எஸ்2 முகவரிகள் அதற்குள் போகட்டும். ரெஜிஸ்ட்ராரிடம் இரண்டையும் ஹோஸ்டாகப் பதிவு செய்திருப்பீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.

பாளை மார்க்கெட் | செவ்வாய், காலை 7:02

அண்ணாச்சி, வந்துவிட்டது! 73-உம் வருகின்றன. வரியை அழித்து ரீலோடு கொடுத்த அடுத்த நொடியே வந்தது. இரண்டு நாளாக ஃபயர்வாலைப் போட்டு நோண்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

வண்ணாரப்பேட்டை | செவ்வாய், காலை 10:30

தம்பி, வந்துவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். ரூட்டைக் கையில் எடுக்கும் இந்த வழியை நானும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறேன். வேலை செய்வது போலத் தெரியும், பாதிக்குப் பாதி உடைந்திருக்கும்.

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த 139-இல் ஏதாவது ஒரு டொமைனுக்கு ஐபிவி6 முகவரி கேளுங்கள், அதாவது நான்கு ஏ ரெக்கார்டு. அது உங்களிடம் இல்லை. இல்லை என்று சொல்லும்போது சர்வர் எந்த ஜோனில் இல்லை என்பதற்கு எஸ்ஓஏ ரெக்கார்டை, அதாவது அந்த ஜோனின் அடையாள வரியை, சேர்த்து அனுப்ப வேண்டும். உங்கள் சர்வர் எந்த எஸ்ஓஏவை அனுப்பும்? ரூட்டுடையதை. கேட்கும் ரிசால்வருக்கு (பயனருக்காக நேம்சர்வர்களைக் கேட்டுவரும் சர்வர்) டாட் காம்காரர்கள் ஒப்படைத்தது அந்த ஒரு டொமைனை மட்டும்தான், வந்து நிற்பதோ உலகத்துக்கே நான்தான் ரூட் என்று ஒரு பதில். பைண்ட் ரிசால்வர் இதைப் பார்த்தால் ‘இந்த எஸ்ஓஏ அந்த ஜோனுக்குக் கீழே வரவில்லை, செல்லாத பதில்’ என்று லாகில் எழுதிவிட்டுக் கேட்டவருக்கு சர்வ்ஃபெயில், அதாவது பதில் பெற முடியவில்லை என்ற பிழை, கொடுக்கும். பிரவுசர் ஏ ரெக்கார்டை வைத்துச் சமாளித்துக்கொள்ளும், அதனால் நம் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும்.

மெயில் அப்படிச் சமாளிக்காது. மெயில் சர்வர் எது என்று கேட்கும் எம்எக்ஸ் கேள்விக்கு சர்வ்ஃபெயில் வந்தால், தற்காலிகக் கோளாறு என்று நினைத்து அனுப்புகிறவரின் சர்வர் மெயிலை நாள்கணக்கில் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆர்டர் அனுப்பியவருக்குப் போகவில்லை என்றே தெரியாது.

சர்ட்டிஃபிகேட்டும் அப்படித்தான். ஹெச்டிடிபிஎஸ் சர்ட்டிஃபிகேட்டை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட், கொடுப்பதற்கு முன்னால், யார் சர்ட்டிஃபிகேட் கொடுக்கலாம் என்று சொல்லும் சிஏஏ ரெக்கார்டு இருக்கிறதா என்று கேட்கும். இல்லை என்று ஒழுங்காகச் சொன்னால் போதும், கொடுத்துவிடும். சர்வ்ஃபெயில் வந்தால் கொடுக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் டாட் டிஇ போன்ற சில இடங்களில், நேம்சர்வர் மாற்றும்போதே அந்த டொமைனுக்கென்று எஸ்ஓஏ இருக்கிறதா என்று ரெஜிஸ்ட்ரியே சோதித்துப் பார்க்கும். ரூட் வித்தை அங்கே வாசலிலேயே நின்றுவிடும்.

கல்லிடை அண்ணாச்சி | செவ்வாய், காலை 11:10

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் தம்பி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டேன்.

நமக்குச் சொந்தமில்லாத பெயருக்கும் பதில் சொல்வது என்பதில் ஒரு பழைய கதை உண்டு. 2003 செப்டம்பர் 15-ஆம் தேதி வெரிசைன் நிறுவனம் தான் நடத்தும் டாட் காம், டாட் நெட் இரண்டிலும் நட்சத்திர ரெக்கார்டைப் போட்டது. யாரும் வாங்காத பெயரைத் தப்பாக அடித்தாலும் அவர்களுடைய சைட் ஃபைண்டர் பக்கம் வந்து நிற்கும். உலகம் முழுக்க மெயில் நடத்துகிறவர்கள் கொதித்துப் போனார்கள். அனுப்பியவரின் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்து ஸ்பாமைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள், திடீரென்று எல்லா டொமைனும் ‘இருக்கிறது’ என்று ஆகிவிட்டது. பைண்ட் எழுதுகிறவர்கள் அந்த நட்சத்திரப் பதிலை ஒதுக்கித் தள்ள உடனே ஒரு வசதி வெளியிட்டார்கள். டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு தலையிட்டு, அக்டோபர் 4-ஆம் தேதி அது நிறுத்தப்பட்டது. மூன்று வாரம்கூட ஓடவில்லை.

அவர்கள் கையில் இருந்தது உலகத்தின் காம். உங்கள் கையில் இருப்பது இரண்டு சின்ன சர்வர். ஆனாலும் தன்னுடையது எது, பிறத்தியாருடையது எது என்று நேம்சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. இப்போது யாராவது முகம் தெரியாத ஆள் தன் டொமைனை உங்கள் நேம்சர்வருக்குத் திருப்பினாலும் அது கருப்பட்டிக் கடைக்குத்தான் வரும். அந்தப் பெயர் எப்படிப்பட்ட பெயராக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பாளை மார்க்கெட் | செவ்வாய், மதியம் 1:45

அக்கா சொன்ன சோதனையைச் செய்தேன். எஸ்ஓஏவில் வெறும் புள்ளிதான் வருகிறது. அண்ணாச்சி சொன்ன பிறகு இன்னொரு விஷயமும் பிடிபட்டது. நேற்று அந்த சர்வரில் லினக்ஸ் அப்டேட் கொடுத்தேன், ஏதோ எழுத்துக்குப்பையாக வந்து நின்றுவிட்டது. ரிசால்வராக 127.0.0.1 போட்டிருந்தேன். அப்டேட் சர்வரின் பெயரைக் கேட்டதும் பைண்ட் நட்சத்திரத்தைப் பார்த்து 203.0.113.10 என்று அதையே காட்டியிருக்கிறது. அப்டேட் புரோகிராம் எங்கள் வெப்சர்வருக்கே வந்து, அங்கிருந்து கருப்பட்டித் தளத்துக்குத் திரும்பி, அந்தப் பக்கத்தைப் பேக்கேஜ் பட்டியல் என்று நினைத்துப் படித்திருக்கிறது. ரிசால்வரை மாற்றிவிட்டேன். ரூட் ஜோனையும் எடுத்துவிடப் போகிறேன். மாற்று வழி சொல்லுங்கள்.

முக்கூடல் | செவ்வாய், மதியம் 2:20

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். நேம்சர்வரே ரீடைரக்ட் செய்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெப்சர்வர் எதற்கு?

கல்லிடை அண்ணாச்சி | செவ்வாய், மதியம் 3:00

நேம்சர்வர் வழி மட்டும்தான் சொல்லும். நம் ஊர்க் கன்னடியன் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறந்தால் தண்ணீர் இந்தப் பக்கம் வரும், அவ்வளவுதான் மடையின் வேலை. எந்த வயலுக்கு எவ்வளவு என்று வரப்பு வெட்டிவிட ஆள் வேண்டும். பிரவுசர் ஐபியைத் தெரிந்துகொண்டு வந்து ‘இந்தப் பெயருக்கு வந்திருக்கிறேன்’ என்று கதவைத் தட்டும். நீ போக வேண்டிய இடம் அது என்று 301 என்ற நிரந்தரத் திருப்பக் குறியீட்டைக் கொடுத்து அனுப்புவது வெப்சர்வர்.

வண்ணாரப்பேட்டை | செவ்வாய், மாலை 4:40

மாற்று வழி ரொம்ப எளிது தம்பி. ஒரே ஒரு ஜோன் ஃபைல் எழுதுங்கள். அதில் எந்த டொமைனின் பெயரும் இருக்கக் கூடாது, @ குறியும் நட்சத்திரமும் மட்டும். பைண்ட் கன்ஃபிகில் 212 ஜோன் அறிவிப்புகள், ஒவ்வொன்றும் அதே ஃபைலைக் காட்டும். @ இருக்கும் இடத்தில் அந்தந்த டொமைனின் பெயரைப் பைண்டே வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் சொந்த எஸ்ஓஏ, சொந்த என்எஸ். பதில் சுத்தமாக இருக்கும். பைண்ட் தானாக எழுதும் டைனமிக் ஜோனுக்கு இப்படி ஃபைலைப் பகிர முடியாது. உங்களுடையது மாறாத ஜோன், பயமில்லை.

212 அறிவிப்பையும் கையால் எழுத வேண்டாம். டொமைன் பட்டியல் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில், வரிக்கு ஒன்று. அதைப் படித்துக் கன்ஃபிகை எழுத நாலு வரி ஸ்கிரிப்ட். இனி பெரியவர் புதுப்பெயர் வாங்கினால் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதுதான் வேலை.

என்எஸ் பெயருக்குக் கடைசியில் புள்ளி வைக்க மறக்காதீர்கள். புள்ளி விட்டுப்போனால் ‘என்எஸ்1.எங்கள்பெயர்.இன்’ என்பதற்குப் பின்னால் ஒவ்வொரு டொமைன் பெயரும் ஒட்டிக்கொள்ளும், 212 இடத்திலும் ஒரே தப்பு. ரீலோடுக்கு முன்னால் ஃபைலில் தப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் செக்ஜோன் ஓட்டிப் பாருங்கள். அப்புறம், ரிகர்ஷன் (பிறர் பெயர்களையும் தேடிப்போய்ப் பதில் தருவது) கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். திறந்து வைத்தால் யாரோ யார்மேலோ நடத்தும் தாக்குதலுக்கு உங்கள் சர்வர் ஒலிபெருக்கி ஆகிவிடும்.

தென்காசி சாரல் | செவ்வாய், மாலை 5:15

இரண்டாவது சர்வருக்கு இந்த 212-ஐ எப்படிக் கொண்டுபோவது? செகண்டரியாக வைத்தால் அங்கேயும் 212 அறிவிப்பு எழுத வேண்டுமே. கேட்டலாக் ஜோன் என்று ஒன்று இருக்கிறதாமே, முதல் சர்வரில் சேர்த்தால் இரண்டாவது தானாக எடுத்துக்கொள்ளுமாம்.

வண்ணாரப்பேட்டை | செவ்வாய், மாலை 6:00

ஆமாம், பைண்ட் 9.11-இலிருந்தே உண்டு. 2023-இல் ஆர்எஃப்சி 9432 ஆகவும் வந்துவிட்டது. பெயர்களை அடிக்கடி சேர்த்து நீக்குகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. இங்கே ஜோன் ஃபைல் ஒன்றுதான், பட்டியலும் ஒன்றுதான். ஃபைல் நகலெடுக்கும் ஆர்சிங்கில் இரண்டையும் அந்தப் பக்கம் அனுப்பி அங்கேயும் பிரைமரியாகவே ஓட்டினால் போதும். கோளாறு வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் புரியும் அளவுக்கு எளிதாக இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அந்த இரண்டாவது சர்வர் எங்கே இருக்கிறது தம்பி? இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே கட்டடத்திலா?

பாளை மார்க்கெட் | செவ்வாய், மாலை 6:20

ஐபி வேறு வேறு அக்கா. ஆனால் ஒரே டேட்டா சென்டர்தான். விலை குறைவாகக் கிடைத்தது.

வண்ணாரப்பேட்டை | செவ்வாய், இரவு 8:50

அப்படியானால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி விடாமல் மழை. மறுநாள் தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் மூழ்கிக் கிடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் ஆபீஸ் தரைத்தளம். வாடிக்கையாளர்களுக்கு நான் நடத்திய நேம்சர்வர் இரண்டும் ஒரே மேசைக்கு அடியில் இருந்தன. லைன் வேறு வேறு என்பதால் இரண்டு இடம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் வாசற்படியைத் தாண்டியபோது யுபிஎஸ்ஸைத் தூக்கி மேசைமேல் வைத்தேன், சர்வரைத் தூக்குவதற்குள் கரண்ட் போய்விட்டது.

நான் கவனிக்காமல் விட்டது எது தெரியுமா? வாடிக்கையாளர்களின் தளங்கள் எதுவும் அந்த அறையில் இல்லை. எல்லாம் மும்பையிலும் சிங்கப்பூரிலும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. டிடிஎல்லை, அதாவது பதிலை ரிசால்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் பெயரைக் கேட்கிறவர்களுக்கு வழி சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு தளமாக மறைந்தது. வெள்ளத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்களிலிருந்து போன் வந்தது, என் போனில் சார்ஜ் இருந்தவரை எடுத்துப் பேசினேன். சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு நம்பர் போட்டிருந்த ஒருவரின் பக்கமும் அதில் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

1997-இலேயே ஆர்எஃப்சி 2182-இல் எழுதி வைத்திருக்கிறார்கள், நேம்சர்வர்கள் பூகோள ரீதியாகவும் நெட்வொர்க் ரீதியாகவும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும் என்று. படித்தும் இருந்தேன். இரண்டாவதை வேறு ஊரில், வேறு கம்பெனியில் வையுங்கள். மாசம் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

பாளை மார்க்கெட் | புதன், இரவு 11:15

அக்கா, இரண்டாவதை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டேன். ஜோன் ஃபைல் முறைக்கும் மாறியாகிவிட்டது. எஸ்ஓஏ, நான்கு ஏ, எம்எக்ஸ் எல்லாவற்றுக்கும் பதில் சுத்தமாக வருகிறது. மத்தியானம்வரை எல்லாம் நல்லபடியாக ஓடியது. சாயங்காலம் 212 டொமைனிலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ மட்டும் போய்விட்டது. டபிள்யூ போடாமல் அடித்தால் வருகிறது. மெயில், ஷாப் என்று முன்னால் எதைப் போட்டாலும் வருகிறது. டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டால் மட்டும் ஐபி இல்லாமல் காலிப் பதில். என் தம்பி சர்ட்டிஃபிகேட்டுக்காக ஒரு டொமைனில் சோதனை செய்தான், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

கல்லிடை அண்ணாச்சி | வியாழன், காலை 5:50

இருக்கும். அவர் டிஎன்எஸ் வழியாகச் சரிபார்க்கும் முறையில் போயிருப்பார். லெட்ஸ் என்க்ரிப்ட் கேட்கும் டிஎக்ஸ்டி வரி ‘அடிக்கோடு ஆக்மி சேலஞ்ச்’ என்று தொடங்கும், அதற்குப் பின்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ. அதைப் பொதுவான ஜோன் ஃபைலில் போட்டிருக்கிறார்.

திங்கள்கிழமை பார்த்த அதே விதிதான் தம்பி, வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. அந்த வரிக்கு மேலே இருக்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற கிளை பிறந்துவிட்டது. ரெக்கார்டு இல்லாத வெறும் கிளை. பெயர் இருக்கிறது என்றானதும் நட்சத்திரம் விலகிக்கொண்டது. ஃபைல் ஒன்று என்பதால் 212-இலும் விலகியது. நேற்று ‘பெயரே இல்லை’ என்று வராமல் காலிப் பதில் வந்ததற்கும் அதுதான் காரணம்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். எடுத்தால் சரியாகிவிடும், ஆனாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்குத் தனியாக ஒரு ஏ ரெக்கார்டு எழுதி வையுங்கள். முக்கியமான பெயரை நட்சத்திரத்தின் பொறுப்பில் விடக் கூடாது.

வண்ணாரப்பேட்டை | வியாழன், காலை 9:20

உங்களுக்கு டிஎன்எஸ் முறையே தேவையில்லை. வைல்ட்கார்டு சர்ட்டிஃபிகேட் வேண்டுமென்றால்தான் அது கட்டாயம். டொமைன், அதன் டபிள்யூடபிள்யூடபிள்யூ இரண்டுக்கும் ஹெச்டிடிபி முறை போதும். எல்லாம் ஒரே வெப்சர்வருக்குத்தானே வருகிறது.

ஒரு சர்ட்டிஃபிகேட்டில் 100 பெயர்வரை சேர்க்கலாம் என்பதால் 424 பெயரையும் ஐந்தில் அடக்கிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். பெரியவர் ஒரு டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால், அதனோடு இருக்கும் மற்ற 99 பெயரும் அடுத்த புதுப்பித்தலில் மாட்டிக்கொள்ளும். டொமைனுக்கு ஒன்று என்று 212 வாங்குங்கள். ஒரு அக்கவுண்டில் மூன்று மணி நேரத்துக்கு 300 ஆர்டர் வரை விடுவார்கள், இடிக்காது. முதலில் சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேடி வெப்சர்வர் வைத்தால் முதல் ஆள் வரும்போது அதுவே சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளும். அதில் ‘கேட்டுவிட்டு வாங்கு’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை உங்கள் டொமைன் பட்டியலோடு இணைத்துவிடுங்கள். நேம்சர்வர் படிக்கும் அதே பட்டியல். அதில் இல்லாத பெயருக்கு சர்ட்டிஃபிகேட்டும் கிடையாது, ரீடைரக்டும் கிடையாது.

முதல் ஒரு வாரம் 302 (தற்காலிகத் திருப்பம்) கொடுங்கள். 301-ஐப் பிரவுசர் மனப்பாடம் செய்துகொள்ளும். இடம் தப்பாகக் கொடுத்திருந்தால் பிறகு நீங்கள் திருத்தினாலும் அது நம்மிடம் வந்து கேட்காது.

முக்கூடல் | வியாழன், காலை 11:00

மெயிலுக்கு எதுவும் போட வேண்டாமா? எம்எக்ஸ் இல்லாவிட்டால் மெயில் வராது, சரிதானே?

கல்லிடை அண்ணாச்சி | வியாழன், மதியம் 12:10

வராது என்று சொல்ல முடியாது. எம்எக்ஸ் இல்லாவிட்டால் ஏ ரெக்கார்டு காட்டும் ஐபிக்கே கொண்டுபோய்க் கொடுக்கப் பார்க்கும், அது பழைய விதி. அங்கே மெயில் சர்வர் இல்லை என்றால் முட்டி முட்டிக் காத்திருக்கும். 2015-இல் ஆர்எஃப்சி 7505 இதற்காகவே வந்தது. எம்எக்ஸ் 0, பக்கத்தில் வெறும் புள்ளி. இங்கே மெயில் வாங்குவதில்லை என்று அர்த்தம். ஆர்டர் அனுப்பியவருக்கு உடனே திரும்பிவிடும், சரியான முகவரியைப் பார்த்து அனுப்பிக்கொள்வார். அதே ஜோன் ஃபைலில் எஸ்பிஎஃப் வரியும் சேர்த்து, இந்தப் பெயரில் யாரும் மெயில் அனுப்ப அனுமதி இல்லை என்று எழுதிவிடுங்கள். முன்பணம் ஏமாற்றியவனைப் போன்ற ஆட்களுக்கு அந்தக் கதவும் அடைபடும்.

பாளை மார்க்கெட் | வெள்ளி, இரவு 10:30

எல்லாம் செய்தாகிவிட்டது. 209 டொமைன் பிரவுசரில் ஹெச்டிடிபிஎஸ் பூட்டுப் போட்டு வருகின்றன. மூன்று மட்டும் வரவில்லை. எங்கள் சர்வரை நேரடியாகக் கேட்டால் பதில் இருக்கிறது, 8.8.8.8 என்ற கூகுள் ரிசால்வரைக் கேட்டால் சர்வ்ஃபெயில். வேறொருவரிடமிருந்து பெரியவர் விலைக்கு வாங்கிய மூன்று டொமைன் இவை.

வண்ணாரப்பேட்டை | வெள்ளி, இரவு 10:45

பழைய ஆள் டிஎன்எஸ் பதில்களுக்குக் கையெழுத்திடும் டிஎன்எஸ்செக் போட்டிருப்பார். அந்த டிஎஸ் ரெக்கார்டு இன்னும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். கையெழுத்து இருக்கும் என்று மேலே சொல்லியிருக்கிறது, உங்கள் ஜோனில் கையெழுத்து இல்லை, சரிபார்க்கும் ரிசால்வர் ஏற்காது. ரெஜிஸ்ட்ரார் பேனலில் டிஎஸ்ஸை அழித்துவிட்டு அதன் டிடிஎல் முடியும்வரை பொறுங்கள்.

பாளை மார்க்கெட் | ஞாயிறு, காலை 8:10

அழித்தேன் அக்கா, நேற்று மத்தியானம் மூன்றும் வந்துவிட்டன.

சாயங்காலம் திசையன்விளை போய்ப் பெரியவரிடம் காட்டினோம். தமிழிலேயே பெயர் அடித்தால் வருமா என்று கேட்டார். டாட் இந்தியா என்று தமிழில் முடியும் டொமைன் ஒன்றை அங்கேயே வாங்கினோம். பட்டியலில் தமிழ் எழுத்தாக எழுதினால் பைண்ட் ஏற்காது, எக்ஸ்என் என்று தொடங்கும் பியூனிகோட் வடிவத்தைத்தான் எழுத வேண்டும். பிரவுசரும் வெப்சர்வரிடம் அதே வடிவத்தில்தான் பெயர் சொல்கிறது, அதனால் இரண்டுக்கும் அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. நேம்சர்வரைத் திருப்பி, பட்டியலில் 213-ஆவது வரியைச் சேர்த்து, ரீலோடு கொடுத்தேன். அவர் தன் போனில் கடைப்பெயரைத் தமிழில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். முதல் தடவை சர்ட்டிஃபிகேட் வாங்க ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டது, அப்புறம் கடைப் பக்கம் திறந்தது. ஓலைப்பெட்டியில் அடுக்கிய கருப்பட்டிப் படம்தான் முதலில் வரும். அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் சிப்பம் கட்டிக்கொண்டிருந்த அவர் மகளிடம் போனை நீட்டினார்.